பாக்டீரியா மோட்டார் எப்படித் திசை மாறுகிறது? புரத அமைப்புகளை நீங்களே திறந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அன்னூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒருநாள் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. குழாய் வாயில் கையை வைத்தால் நூல் மாதிரி ஒழுகுகிறது. சத்தம் சரியாகத்தான் இருக்கிறது, சூடும் இல்லை. கோவை கணபதியில் முப்பது வருஷம் காயில் கட்டிய எங்கப்பா வந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மூன்று ஒயரில் இரண்டைக் கழற்றி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டி முடுக்கினார். பொத்தானை அமுக்கியதும் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. முந்தின நாள் கம்பத்தில் வேலை நடந்ததில் ஃபேஸ் மாறிப்போய், மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் நான் படிக்கிற மோட்டாரைப் பற்றி அவரிடம் சொன்னேன். நம் குடலில் இருக்கும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கும் மோட்டார் உண்டு, நொடிக்கு 300 சுற்று வரை போகும், ஓரிரு நொடிக்கு ஒருமுறை திசையும் மாறும் என்றேன். நம் கிணற்று மோட்டாரின் பெயர்ப்பலகையில் நிமிடத்துக்கு 2,880 சுற்று என்று போட்டிருக்கும். இதற்கோ நிமிடக் கணக்கில் 18,000 வருகிறது. அப்பா வேகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏங்கண்ணு, திசை மாறோணும்னா அதுல எந்த ஒயர மாத்துவாங்க?" என்றுதான் கேட்டார்.

சரியான கேள்வி. விடை, அந்த மோட்டாரின் அடியில் இருக்கும் ஒரு புரத வளையத்தின் வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவத்தை யாரும் காசில்லாமல் இணையத்தில் திறந்து, திருப்பி, அளந்து பார்க்கலாம். எந்த வரிசையில் பார்த்தால் புரியும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கிற பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதினேன். பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும் இது புரியும், சில இடங்களில் அவர்களுக்குத்தான் சீக்கிரம் புரியும்.

வேண்டியது ஒரு கணினி, உருளை வைத்த மவுஸ், ஒரு நோட்டு, மூன்று நான்கு மணி நேரம். போனிலும் திறக்கும், ஆனால் கடைசிப் படிக்கு அது தாங்காது. கல்லூரி ஆய்வகக் கணினியில் உட்கார்ந்துகொள்வது நல்லது.

முதல் படி: எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம்?

இதைத் தவறவிட்டால் பின்னால் எல்லாமே தலைகீழாகப் போகும். ஒரே மோட்டாரை ஃபேன் பக்கம் நின்று பார்த்தால் ஒரு திசை, ஷாஃப்ட் பக்கம் நின்று பார்த்தால் மறுதிசை. பாக்டீரியா மோட்டாருக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது: செல்லுக்கு வெளியே, கசையிழையின் (மோட்டார் சுற்றிவிடும் வால் போன்ற நீண்ட இழை) நுனியில் நின்று, செல்லை நோக்கிப் பார்க்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் இதைப் படமாக வரைந்து ஒரு கண்ணும் போட்டுவிடுங்கள்.

அப்படிப் பார்க்கும்போது ஈ. கோலையின் மோட்டார்கள் எல்லாம் இடஞ்சுழியாகச் சுற்றினால், இழைகள் ஒன்றாகச் சேர்ந்து சடை மாதிரி முறுக்கிக்கொண்டு செல்லை நேராகத் தள்ளும். ஒரு மோட்டார் வலஞ்சுழிக்கு மாறினாலும் போதும், சடை பிரிந்து செல் தடுமாறி வேறு பக்கம் திரும்பிவிடும். ஓட்டம் ஏறத்தாழ ஒரு நொடி, தடுமாற்றம் அதில் பத்தில் ஒரு பங்கு. உணவு இருக்கும் திசையில் போகும்போது ஓட்டத்தை நீட்டிக்கொள்கிறது. அதற்குத் தெரிந்த வழிகாட்டல் அவ்வளவுதான்.

இழை சாட்டை மாதிரி அடிக்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அது சுற்றுகிறது என்று 1973-இல் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் வாதிட்டார்கள். அடுத்த வருஷம் மைக்கேல் சில்வர்மனும் மெல்வின் சைமனும் இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தார்கள். இழை நகர முடியாததால் பாக்டீரியாவின் உடம்பே சுற்றியது. ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டால் மோட்டார் பாடி சுற்றுமே, அதே கதைதான்.

இரண்டாம் படி: உதிரிப் பாகங்களின் பெயர்

மொத்தம் இருபதுக்கு மேற்பட்ட புரத வகைகள் இருக்கின்றன. திசைமாற்றத்துக்கு வேண்டியவை ஏழு, எட்டுதான். பெயர்கள் உப்புச்சப்பில்லாமல் இருக்கும், பயப்பட வேண்டாம்.

செல்லின் உள்சவ்வில் பதிந்திருப்பது ஃப்ளி-எஃப் என்ற புரதத்தால் ஆன எம்எஸ் வளையம். அதன் அடியில், செல்லுக்குள் தொங்குவது சி வளையம். ஏறத்தாழ 45 நானோமீட்டர் அகலம். தலைமுடி ஒன்றின் தடிமனில் இப்படி ஆயிரம் வளையங்களுக்கு மேல் வரிசையாக வைக்கலாம். இந்த சி வளையம்தான் நம் கதாநாயகன். அதில் மூன்று வகைப் புரதங்கள்: மேலே ஃப்ளி-ஜி, நடுவில் ஃப்ளி-எம், அடியில் ஃப்ளி-என். இந்த மூன்றும் சேர்ந்துதான் திசைமாற்றி என்று 1986-இல் ஷிகேரு யமகுச்சி, ராபர்ட் மெக்நாப் ஆகியோரின் குழு மரபியல் சோதனைகளால் காட்டியது. அமைப்பு எதுவும் தெரியாத காலத்திலேயே, எந்த மாற்றத்தை எந்த மாற்றம் சரிசெய்கிறது என்பதை வைத்தே கண்டுபிடித்தார்கள். எனக்கு அந்த வேலை மேல் பெரிய மரியாதை உண்டு.

வளையத்தைச் சுற்றிச் சவ்வில் நிற்பவை ஸ்டேட்டர்கள். மோட்-ஏ, மோட்-பி என்ற இரு புரதங்களால் ஆனவை. வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள் இவற்றின் வழியாகத்தான் வருகின்றன. இதற்குக் கரண்டு என்றால் அந்தப் புரோட்டான்கள்தான். கடைசியாகக் கீ-ஒய். இது மோட்டாரோடு ஒட்டியிருக்காது. செல்லுக்குள் மிதந்துகொண்டே இருந்து, பாஸ்பேட் ஏறியதும் வளையத்தில் வந்து ஒட்டி "திரும்பு" என்று சொல்லும் தூதுவன்.

மூன்றாம் படி: தரவு வங்கியின் பக்கத்தைப் படிக்கப் பழகுவது

புரத அமைப்புகள் எல்லாம் புரோட்டீன் டேட்டா பேங்க் என்ற பொது வங்கியில் இருக்கின்றன. 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. ஒவ்வொரு அமைப்புக்கும் நான்கு எழுத்தில் ஓர் எண் உண்டு, வண்டி நம்பர் மாதிரி. இங்கே நான் தமிழில் எழுதும் எண்களைத் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தாகத் தட்டிக்கொள்ளுங்கள். 3-சி-எச்-ஒய் என்றால் மூன்று, அப்புறம் அந்த மூன்று எழுத்துகள்.

பக்கம் திறந்ததும் படத்தைத் திருப்பத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் நான்கு விஷயங்களை நோட்டில் எழுதுங்கள். எந்த உயிரியுடைய புரதம்? எந்த முறையில் பார்த்தது, எக்ஸ்ரே படிகமா, உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியா? எத்தனை ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) துல்லியம், எண் குறையக் குறையப் படம் தெளிவு. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் எதிலிருந்து எதுவரை படத்தில் இருக்கிறது?

நான்காவதைத்தான் எல்லோரும் விடுவார்கள், நானும் விட்டிருக்கிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒரு ஃப்ளி-எம் படத்தைக் காட்டி, "இதில் கீ-ஒய் எங்கே ஒட்டும்?" என்று ஆசிரியர் கேட்டார். அரை மணி நேரம் தேடினேன். கீ-ஒய் முதலில் வந்து பிடிக்கும் நுனிப்பகுதியே அந்தப் படத்தில் இல்லை. ஆட்டம் அதிகமாக இருந்த அந்த நுனியை விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் படிகமாக்கியிருக்கிறார்கள். இல்லாத இடத்தில் தேடினால் கிடைக்குமா?

உயிரியின் பெயரும் முக்கியம். பழைய அமைப்புகளில் பல தெர்மோடோகா மாரிடிமா, அக்விஃபெக்ஸ் ஏயோலிகஸ் என்ற வெந்நீர்ப் பாக்டீரியாக்களுடையவை. 80 பாகை செல்சியஸ் சூட்டைத் தாங்கும் புரதங்கள் என்பதால் கெட்டியாக இருக்கும், படிகமாக வளர்ப்பதும் சுலபம். ஆனால் திசைமாற்றச் சோதனைகள் பெரும்பாலும் ஈ. கோலையிலும் சால்மொனெல்லாவிலும் நடந்தவை. ஒன்றில் 264-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் மற்றொன்றில் அதே எண்ணில் இருக்காது. புரதங்களின் அமினோ அமில வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் யூனிபுரோட் தளத்தில் இரண்டு வரிசைகளையும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பிட்டு, ஒத்த இடங்களைக் குறித்துக்கொண்ட பிறகுதான் எண்ணைச் சொல்லித் தேட வேண்டும்.

நான்காம் படி: தூதுவனில் தொடங்குங்கள்

எடுத்ததும் பெரிய வளையத்தைத் திறக்காதீர்கள். 3-சி-எச்-ஒய் எடுங்கள். ஈ. கோலையின் கீ-ஒய், 1.66 ஆங்ஸ்ட்ராம் துல்லியம், 129 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். "ஸ்ட்ரக்சர்" என்ற தாவலை அழுத்தினால் மோல்-ஸ்டார் என்ற காட்டி திறக்கும். இடது பொத்தானைப் பிடித்து இழுத்தால் சுற்றும், உருளையை உருட்டினால் கிட்டே வரும். நடுவில் ஐந்து பட்டைகள், சுற்றிலும் ஐந்து சுருள்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மேலே எழுத்து வரிசை ஓடும். அதில் 57-ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலத்தைத் தட்டுங்கள். பாஸ்பேட் ஏறும் இடம் அதுதான். அடுத்து 106-ஆம் இடத்து டைரோசின். இரண்டும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளவுக் கருவியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு தாவலில் 1-எஃப்-4-வி. இதே கீ-ஒய், ஆனால் முடுக்கிவிட்ட நிலையில், ஃப்ளி-எம்மின் முன்நுனித் துண்டு ஒன்று பக்கத்தில் ஒட்டியிருக்கும். 2001-இல் வெளிவந்தது. 57-இல் பாஸ்பேட் இருக்காது, பெரிலியமும் ஃப்ளோரினும் சேர்ந்த ஒன்று இருக்கும். உண்மையான பாஸ்பேட் படிகம் வளரும்வரை நிற்காமல் கழன்றுவிடும் என்பதால், அதே உருவத்தில் கழலாத ஒன்றை வைத்திருக்கிறார்கள். 106-ஐப் பாருங்கள்: டைரோசினின் வளையம் உள்பக்கம் மடங்கிப் புதைந்திருக்கும். அது விட்ட இடத்தில்தான் ஃப்ளி-எம் நுனி வந்து படுக்கிறது. 57-இல் சாவி போட்டால் தள்ளியிருக்கும் 106-இல் கதவு திறக்கிறது. இந்தச் சின்ன அசைவு மனத்தில் பதிந்தால் போதும், பெரிய வளையமும் இதையேதான் பெரிய அளவில் செய்கிறது.

ஐந்தாம் படி: ஃப்ளி-ஜி, அவசரப்படாமல்

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய புரதம் இதுதான். ஸ்டேட்டரோடு நேரடியாக உரசுவது இது. 1-எல்-கே-வி திறங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளேர், கிறிஸ்டோபர் ஹில் குழுவினர் 2002-இல் வெளியிட்ட தெர்மோடோகா ஃப்ளி-ஜியின் நடுப்பகுதியும் பின்பகுதியும். முன்பகுதி இதில் இல்லை. அது ஃப்ளி-எஃப்பைப் பிடித்துக்கொண்டு மேலே சவ்வோரம் இருக்கும்.

படத்தில் பட்டையே இருக்காது, எல்லாம் சுருள்கள். காயிலைக் குவித்து வைத்த மாதிரி இருக்கும். அதை மூன்று நிறமாகப் பிரியுங்கள். முதல் குவியல் நடுப்பகுதி, அடியில் இருக்கும் ஃப்ளி-எம்மைப் பிடிக்கிறது. அதிலிருந்து ஒரு நீளமான சுருள் கிளம்பி இரண்டாவது குவியலுக்குப் போகும். இரண்டாவது குவியலைத் தாண்டி ஒரு சின்னக் கழுத்து. மெத்தியோனின், ஃபினைல்அலனின், ஏதோ ஒன்று, மறுபடி ஃபினைல்அலனின் என்று நான்கே அமினோ அமிலம். கழுத்துக்கு அப்பால் தலை மாதிரி மூன்றாவது துண்டு. தலையில் ஒரு சுருளின் ஓரமாக மின்னூட்டம் ஏறிய அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கும், பல்சக்கரத்தின் பல் மாதிரி. ஈ. கோலை எண்ணிக்கையில் சொன்னால் லைசின் 264, ஆர்ஜினின் 281, ஆஸ்பார்ட்டிக் 288, 289, ஆர்ஜினின் 297. மோட்-ஏயில் இதற்கு எதிர்ப்பல்லாக ஆர்ஜினின் 90, குளூட்டாமிக் 98. ஒன்றில் நேர் இருந்தால் மற்றதில் எதிர். 1990களின் இறுதியில் பிளேர் குழு இவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, நேரை எதிராகவும் எதிரை நேராகவும் திருப்பிப் பார்த்துத்தான் பல் எது என்று கண்டுபிடித்தது.

காட்டியில் நிறத்தை மின்னூட்டப்படி மாற்றி, மேற்பரப்பைப் போட்டு, இந்த வரிசை தெரிகிற மாதிரி திருப்பி ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்தை மட்டும் வேறு நிறம் கொடுங்கள். பின்னால் எல்லாம் அந்த நான்கு அமினோ அமிலத்தில்தான் நடக்கப்போகிறது.

அப்புறம் 3-எச்-ஜே-எல். அக்விஃபெக்ஸின் முழு ஃப்ளி-ஜி, 2010, டேனியலா ஸ்டாக் குழு. இதையும் முந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பம் வரும்: குவியல்கள் ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்கொன்று நிற்கும் கோணம் வேறு. எது சரி? இந்தக் கேள்வியில் துறையே வருஷக் கணக்கில் வாதிட்டது. ஒரு படிகத்தில் தெரிவது இடஞ்சுழி நிலை, மற்றதில் தெரிவது வலஞ்சுழி நிலை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். படிகத்துக்குள் புரதங்கள் நெருக்கியடித்து நிற்கும்போது பக்கத்துக்காரன் தள்ளுவதால்கூடக் கோணம் மாறும். அதனால் ஒற்றைப் படிகத்தின் கோணத்தை மோட்டாரின் கோணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்த நெரிசலில் ஓர் உண்மையும் ஒளிந்திருந்தது. காட்டியில் அமைப்பின் வகையை மாற்றி, அண்டை மூலக்கூறுகளையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஃப்ளி-ஜியின் இரண்டாவது குவியல் தன்னுடைய முதல் குவியலோடு சேராமல், பக்கத்து மூலக்கூறின் முதல் குவியலில் போய்ச் சாய்ந்திருக்கும். அது கையை இதன் தோளில் போட, இது கையை அடுத்ததன் தோளில் போட, வரிசையாகப் போனால் வட்டமாகிவிடும். கும்மியடிக்க வட்டம் கட்டி நிற்கிற மாதிரி. வளையத்திலும் இவை இப்படித்தான் கோத்திருக்கின்றன என்று பின்னால் உறுதியானது.

ஆறாம் படி: ஃப்ளி-எம்மும் ஃப்ளி-என்னும்

இங்கே வேகமாகப் போகலாம். 2-எச்-பி-7 என்பது தெர்மோடோகா ஃப்ளி-எம்மின் நடுப்பகுதி. அதில் கிளைசின், கிளைசின், ஏதோ ஒன்று, கிளைசின் என்ற வளைவைத் தேடுங்கள், ஃப்ளி-ஜியைப் பிடிக்கும் கொக்கி அது. 1-ஒய்-ஏ-பி என்பது ஃப்ளி-என். ஃப்ளி-எம்மின் வால்பகுதியும் ஃப்ளி-என்னும் பங்காளிகள், ஒரே மடிப்பு. ஒரு ஃப்ளி-எம் வாலோடு மூன்று ஃப்ளி-என் சேர்ந்து வளையத்தின் அடித்தளமாகச் சுருண்டு ஓடும். தனியாக எடுத்தால் நான்கு ஃப்ளி-என் சேர்ந்து உருண்டை வடை மாதிரி நிற்கும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். முழு வளையம் வந்த பிறகு அது தொடர்ச்சியான சுருள் என்று தெரிந்தது.

ஏழாம் படி: ஸ்டேட்டர், கூடவே ஒரு டப்பா மூடி

6-ஒய்-கே-எம் திறங்கள். கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியாவின் ஸ்டேட்டர். 2020-இல் கோபன்ஹேகனில் நிக்கோலஸ் டெய்லர் குழுவும் ஆக்ஸ்ஃபோர்டில் சூசன் லீ குழுவும் ஒரே சமயத்தில் ஸ்டேட்டர் அமைப்புகளை வெளியிட்டார்கள். மேலிருந்து பார்த்து எண்ணுங்கள்: வெளியே மோட்-ஏ ஐந்து, நடுவில் மோட்-பி இரண்டு. அதற்கு முன்னால் எல்லாப் பாடப் புத்தகத்திலும் நான்குக்கு இரண்டு என்று இருந்தது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐந்தும் இரண்டும் ஏன் முக்கியம்? இரண்டு ஆளைச் சுற்றி ஐந்து ஆள் உட்கார்ந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இடம் கிடைக்காது. எப்போதும் ஒருவருக்கு நெருக்கம், ஒருவருக்குத் தளர்வு. மோட்-பியில் இருக்கும் ஓர் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தில் (ஈ. கோலையில் 32-ஆவது) புரோட்டான் ஏறி இறங்க, அந்த நெருக்கம் அடுத்தவருக்கு மாறுகிறது. மோட்-பி செல்சுவரில் கட்டப்பட்டிருப்பதால் அசையாது, மோட்-ஏ ஐந்தும் அதைச் சுற்றிச் சுற்றும். அதாவது ஸ்டேட்டர் என்று நாம் பெயர் வைத்ததே ஒரு குட்டி மோட்டார். புரோட்டான் எப்போதும் வெளியிலிருந்து உள்ளேதான் வருகிறது. அதனால் இந்தக் குட்டி மோட்டார் சுற்றுவதும் எப்போதும் ஒரே திசையில், வெளியே நின்று பார்த்தால் வலஞ்சுழியாக.

அப்பாவின் கேள்விக்கு இங்கேயே பாதி விடை வந்துவிட்டது. எந்த ஒயரும் மாறுவதில்லை, கரண்டின் திசையும் மாறுவதில்லை. பிறகு ரோட்டரான சி வளையம் எப்படித் திரும்புகிறது?

கணினியை விட்டு எழுந்து சமையலறைக்குப் போங்கள். மாவு டப்பாவின் பெரிய பிளாஸ்டிக் மூடி ஒன்று, விளிம்பு உயரமாக இருப்பதாக எடுங்கள். குப்புறப் போடாமல் விளிம்பு மேலே தெரிகிற மாதிரி வைத்து, நடுவில் ஓர் ஆணியை இறக்கிப் பலகையில் அடியுங்கள், மூடி தாராளமாகச் சுற்ற வேண்டும். ஒரு பாட்டில் மூடியின் மேல் ரப்பர் பேண்டை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். இதுதான் மோட்-ஏ. விரலால் பிடித்து, பெரிய மூடியின் விளிம்புக்கு வெளிப்பக்கம் அழுத்தி, வலஞ்சுழியாகத் திருகுங்கள். பெரிய மூடி இடஞ்சுழியாகப் போகும். இப்போது பாட்டில் மூடியை விளிம்பின் உள்பக்கம் வைத்து, அதே வலஞ்சுழியாகத் திருகுங்கள். பெரிய மூடி வலஞ்சுழியாகப் போகும்.

பல்சக்கர வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வெளிப்பல்லில் மாட்டினால் எதிர்த்திசை, உள்பல்லில் மாட்டினால் அதே திசை. டிராக்டரின் பின்சக்கர அச்சில் உள்பல் வளையத்தைப் பார்த்திருப்பீர்கள்.

எட்டாம் படி: முழு வளையம், இரண்டு நிலையிலும்

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். 2024-இல் சூசன் லீ குழுவும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டீனா ஐவர்சன் குழுவும் சால்மொனெல்லாவின் சி வளையத்தை இரு நிலையிலும் உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பிடித்தன. தேடல் பெட்டியில் சால்மொனெல்லா, ஃப்ளி-ஜி, ஃப்ளி-எம், ஃப்ளி-என் ஆகிய நான்கையும் போட்டு, முறையில் எலக்ட்ரான் நுண்ணோக்கியைத் தேர்ந்தெடுத்து, புதியவை மேலே வருகிற மாதிரி அடுக்குங்கள். தலைப்பிலேயே எந்தத் திசை என்று போட்டிருப்பதாக ஒன்று ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சில பதிவுகளில் முழு வளையம் இருக்கும், சிலவற்றில் ஒரே ஓர் அலகு மட்டும் இருக்கும். அலகு மட்டும் தெரிந்தால், உயிரியல் தொகுப்பு என்ற தெரிவை மாற்றிப் பாருங்கள். வளையம் வந்ததும் எண்ணுங்கள்: ஃப்ளி-ஜி 34, ஃப்ளி-எம் 34, ஃப்ளி-என் 102. மொத்தம் 170 சங்கிலி, 40 லட்சம் டால்டன் எடை. கணினி திணறும். வரைவை மேற்பரப்பாகப் போடாமல் நாடாவாகவே வைத்து, புரத வகைக்கு ஒரு நிறம் கொடுங்கள். முதல்முறை இது திரையில் முழுதாக வந்து நின்றபோது நான் வெகுநேரம் எதையும் அளக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒப்பிடும்போது முழு வளையத்தின் மேல் முழு வளையத்தை வைத்தால் கண் குழம்பும். ஒவ்வொன்றிலும் ஒரு ஃப்ளி-ஜியை மட்டும் எடுங்கள். வங்கியின் தளத்திலேயே இரண்டு அமைப்புகளைப் பொருத்தும் கருவி இருக்கிறது. அதில் பதிவு எண், சங்கிலி, எந்த எண்ணிலிருந்து எதுவரை என்று கொடுக்கலாம். எல்லை கொடுக்காமல் விட்டால் கருவி எல்லாவற்றையும் சராசரியாகப் பொருத்திவிடும், எது அசைந்தது என்றே தெரியாது. கதவு திறந்ததா என்று பார்க்க வேண்டுமானால் நிலைச்சட்டத்தைத்தான் நிலைச்சட்டத்தோடு பொருத்த வேண்டும். ஃப்ளி-ஜியின் முதல் குவியலை மட்டும் எல்லையாகக் கொடுங்கள்.

பொருந்தியதும் தலையைப் பாருங்கள். கழுத்துக்கு அப்பால் தலை ஏறத்தாழ 180 பாகை திரும்பியிருக்கும். இடஞ்சுழி வளையத்தில் பல் வரிசை வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது, வலஞ்சுழி வளையத்தில் உள்பக்கம். ஸ்டேட்டர் ஒன்றும் செய்யவில்லை. நின்ற இடத்தில் நின்று, சுற்றிய திசையிலேயே சுற்றுகிறது. வளையம் தன் பல்லைத் திருப்பி, வெளிப்பல்லாக இருந்த சக்கரம் உள்பல்லாக மாறிவிடுகிறது.

அடுத்து ஃப்ளி-எம். அடித்தளத்தைப் பொருத்திவிட்டுப் பார்த்தால் ஃப்ளி-எம்மின் நடுப்பகுதி சாய்ந்திருப்பது தெரியும். அந்தச் சாய்வுதான் மேலே போய்த் தலையைத் திருப்புகிறது. கீ-ஒய் முதலில் ஃப்ளி-எம் நுனியைப் பிடித்து, பிறகு வளையத்தின் மேலேயே போய் அமர்ந்து, இந்தச் சாய்வை நிலைப்படுத்துகிறது. தோளில் கைபோட்டு நிற்கும் வட்டம் ஆயிற்றே, ஒருவர் திரும்பினால் பக்கத்தவரையும் இழுப்பார். அதனால் வளையம் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திரும்பும். கீ-ஒய் அளவு கொஞ்சம் கூடினாலே திசை சட்டென்று மாறுவதை 2000-ஆம் ஆண்டில் ஃபிலிப் க்ளூசெல் குழு ஒற்றைச் செல்லில் அளந்தது. எத்தனை பேர் சேர்ந்து இழுக்கிறார்கள் என்பதைக் காட்டும் ஹில் எண் அதில் 10 வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடிக்கும் ஹீமோகுளோபினுக்கு அது 3-ஐத் தாண்டாது.

ஒன்பதாம் படி: பூட்டிய மோட்டாரைக் கேள்வி கேளுங்கள்

நொடிக்கு நொடி மாறுகிற ஒன்றைப் படம்பிடிப்பது கஷ்டம் என்பதால், மரபணுவை மாற்றி ஒரே திசையில் பூட்டிய மோட்டார்களைப் பயன்படுத்துகிறார்கள். சால்மொனெல்லா ஃப்ளி-ஜியில் 169 முதல் 171 வரை புரோலின், அலனின், அலனின் என்று மூன்று அமினோ அமிலம். அவற்றை நீக்கினால் மோட்டார் வலஞ்சுழியிலேயே நின்றுவிடும், கீ-ஒய் இல்லாவிட்டாலும்கூட.

இந்த மூன்றையும் இடஞ்சுழி அமைப்பில் தேடிக் குறியுங்கள். தலையில் இருக்காது, கழுத்திலும் இருக்காது. முதல் குவியலையும் இரண்டாவதையும் இணைக்கிற நீளமான சுருளின் பக்கம் இருக்கும். திரும்புவது தலை, பூட்டுவதோ இவ்வளவு தள்ளி இருக்கும் மூன்று அமினோ அமிலம். இடையில் எந்தச் சுருள் எதைத் தள்ளுகிறது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பின்தொடர்ந்து நோட்டில் வரையுங்கள். மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கடைசி வேலை இது. எல்லாவற்றையும் விட அதிக நேரம் எடுப்பதும் இதுதான். 3-ஏ-ஜே-சி என்ற பதிவில் தெர்மோடோகா ஃப்ளி-ஜியில் இதற்கு ஒத்த மூன்றை நீக்கிய படிகம் இருக்கிறது. 1-எல்-கே-வியோடு பொருத்திப் பார்த்துவிட்டு, அப்புறம் 2024 வளையத்தோடு வைத்துப் பாருங்கள். படிகம் எவ்வளவு சரியாகச் சொன்னது, எங்கே பக்கத்துக்காரனின் தள்ளலில் ஏமாற்றியது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வளையத்தை மடிக்கணினியில் அப்பாவுக்குக் காட்டினேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூடியையும் ரப்பர் சுற்றிய பாட்டில் மூடியையும் கையில் கொடுத்தேன். வெளியே வைத்துத் திருகினார், உள்ளே வைத்துத் திருகினார், மறுபடி வெளியே. "ஸ்டேட்டர் அதே பக்கந்தானே சுத்துது?" என்றார். ஆமாங்கப்பா என்றேன். "அப்பறம் அந்த வளையத்துக்கு எத்தன பல்லு கண்ணு?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்குள் திரையில் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று தானே எண்ண ஆரம்பித்தார்.